மூணுசுழி மேடம்

அந்த வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு முழங்கையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப வரும் பாருங்க. சித்தி பேப்பரைக் கைநீட்டி வாங்குவாங்க, அப்ப... அதோ, அதோ. அம்மா, உன் முழங்கை."

முழங்கை வந்தது, போனது. பச்சை நிற ரவிக்கைக் கையின் விளிம்பும், அதற்குக் கீழே ஒரு பழைய கைக்கடிகாரமும். அவ்வளவுதான்.

"எது? நான் பார்க்கலையே. திரும்பப் போடு," என்றார் மாமனார்.

"இது டிவி தாத்தா. திரும்பல்லாம் போட மாட்டாங்க."

"பத்தொன்பது வருஷமா வேலை பார்க்கிறா, ஒரு முழங்கையைத் திரும்பக் காட்டினா என்ன குறைஞ்சா போயிடுவாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள். சிரிப்பு முகத்தில் வந்ததே தவிர தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து வெட்கத்தோடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் இளையவள், கொழுந்தனின் மனைவி. இரண்டு பேருக்கும் ஒரே வீடு, ஒரே பேருந்து, ஒரே அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மாலைப் பத்திரிகை. மூத்தவள் அங்கே மெய்ப்புத் திருத்துகிறவள். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பிழை திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் இயந்திரம் ஏறாது. இளையவள் நிருபர். ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய விண்ணப்பத்தை எடிட்டர் மேசையில் கொண்டுபோய் வைத்து, "நல்லா எழுதுவா சார், எங்க வீட்டுப் பொண்ணு," என்று சொன்னவளே மூத்தவள்தான்.

ஐந்து வாரத்துக்கு முன் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். 'அச்சேறும் நேரம்' என்று நிகழ்ச்சி. நிஜப் பத்திரிகை, நிஜ மனிதர்கள், நிஜப் பரபரப்பு என்று விளம்பரம் செய்தார்கள். வந்த முதல் நாளே நிஜமான சுவருக்கு வேறு வண்ணம் அடித்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, டிக் டிக் என்று சத்தம் போடுகிற பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டினார்கள். அது சத்தம் மட்டும் போட்டது, நேரம் காட்டவில்லை. எடிட்டர் மேசையில் ஒரு சிவப்புத் தொலைபேசி வைத்தார்கள். அதற்கு இணைப்பே கிடையாது.

எடிட்டர் சாதுவான மனிதர். யாராவது தும்மினால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அவரைக் காகிதக் கட்டைத் தரையில் வீசி எறியச் சொன்னார் கறுப்புத் தொப்பி போட்ட டைரக்டர். நான்கு தடவை எடுத்தார்கள். நான்கு தடவையும் வீசிவிட்டு உடனே குனிந்து அவரே பொறுக்கி அடுக்கினார். அந்தப் பாதியை வெட்டிவிட்டார்கள். இப்போது ஊரெல்லாம் அவர் கோபக்காரர். லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்யும்போது இளையவளை ஏழு தடவை மாடிப்படியில் ஓடவிட்டுப் படம்பிடித்தார்கள்.

மூத்தவளைப் படம்பிடிக்கவில்லை. "மேடம் உட்கார்ந்துக்கிட்டே இருக்காங்களே. அசைய மாட்டேங்கிறாங்களே," என்று டைரக்டர் குறைப்பட்டார். படிக்கிறவள் எப்படி அசைவாள்?

அதெல்லாம் போகட்டும் என்றுதான் அவளும் இருந்தாள். முகம் தெரியாத வேலை என்று தெரிந்துதானே வந்தாள். ஆனால் முதல் வாரக் கடைசியில் ஒன்று நடந்தது.

செய்தியில் ஒருவர் பெயர் வந்தால், அது சாதாரண வழிப்பறியில் பணம் பறிகொடுத்தவர் பெயராக இருந்தாலும், மூத்தவள் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்பாள். "உங்க பேர்ல வர்ற ன, ரெண்டு சுழியா மூணு சுழியாங்க?" பத்தொன்பது வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. ஒருவருடைய பெயர் பத்திரிகையில் வருவது வாழ்நாளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். அதையும் நாம் பிழையாகப் போட்டால் அவரை அவமதித்ததாகும் என்பது அவள் எண்ணம். துக்க வீடாக இருந்தால் குரலைத் தாழ்த்தி, முதலில் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் பிறகுதான் சுழிக்கு வருவாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே மூணுசுழி. மிஷின் ஓட்டுகிற அண்ணன் முதல் எடிட்டர் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேலியாக வைத்த பெயர்தான். நாளாக ஆக அதில் கேலி தேய்ந்து மரியாதை மிஞ்சியிருந்தது.

டைரக்டர் ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டார். அவருக்குப் பிடித்துப்போயிற்று. "சூப்பரா இருக்கே இது," என்றார். "ஆனா மேடம் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுங்க." நீங்க என்றது இளையவளை.

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் மெய்ப்பிலிருந்து தலையெடுக்காமல், "சொல்லேன். எனக்கென்ன?" என்றாள்.

அந்த "எனக்கென்ன" என்ற சொல்லைத்தான் பிறகு அவள் எத்தனையோ தடவை நினைத்து நினைத்து வெந்தாள்.

நிகழ்ச்சியில் இளையவள் கண்ணில் நீர் மின்ன, இணைப்பில்லாத சிவப்புத் தொலைபேசியைக் காதில் வைத்து, "ரெண்டு சுழியா, மூணு சுழியாங்க?" என்று கேட்டாள். பின்னால் வயலின் அழுதது. மறுநாள் காலை பேருந்தில் நடத்துனர், "மூணுசுழி மேடம், வாங்க வாங்க," என்று இளையவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். மூத்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளையவள் எழுந்து, "அக்கா, நீங்க உட்காருங்க," என்றாள். "வேண்டாம்மா. உனக்குக் கொடுத்த இடம்."

மருந்துக்கடையில் மூணுசுழி மேடம். மகளின் பள்ளிக்கூட வாசலில் மூணுசுழி மேடம். ஒரு நாள் அலுவலகத்திலேயே, புதிதாகச் சேர்ந்த விளம்பரப் பிரிவுக்காரர், "மூணுசுழி எங்கே?" என்று கேட்டபோது மூத்தவள் எழுந்து நின்றாள். "உங்களை இல்ல மேடம், அவங்களை," என்றார் அவர். அவள் நாற்காலியை இழுத்துச் சரிசெய்துகொள்வதற்காக எழுந்தவள் போல மறுபடி உட்கார்ந்தாள்.

முள் எங்கே தைத்தது என்று அவளுக்குத் தெரியும், யாரிடம் காட்டுவது? கணவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "விடேன். அவ சின்னப் பொண்ணு. சந்தோஷமா இருக்கட்டுமே," என்று அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். சின்னப் பொண்ணுக்கு முப்பத்து நான்கு வயது.

பொறாமை வந்த வீட்டில் சாமான்கள்கூட இடம் மாறும். கைப்பிடி உடைந்த கோப்பை எப்படியோ தினமும் இளையவள் பங்குக்கு வந்தது. பேருந்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடப்பது நின்று, மூத்தவள் ஐந்து நிமிடம் முன்னாலேயே கிளம்பலானாள். காலையில் கண் மூடிக் கும்பிடும்போது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் நினைத்து, "இவரை நல்லபடியா வெச்சிரு கடவுளே," என்று சொல்வது அவள் வழக்கம். மாமனார், கணவர், கொழுந்தன், இளையவள், மகள் என்று ஐந்து விரல் மடங்கும். ஒரு நாள் சொல்லி முடித்துப் பார்த்தால் நான்கு விரல்தான் மடங்கியிருந்தது. யார் விட்டுப்போனது என்று அவளுக்குத் தெரியும். திரும்பச் சொல்லலாம். சொல்லவில்லை. விரலை மட்டும் மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

இளையவளுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? உடைந்த கோப்பையிலேயே குடித்தாள். இரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு கட்டுவது அவள் வேலை. மூத்தவளுக்கு அந்த மாதம் முழுக்கக் கடைவாய்ப் பல் வலி. யாரும் சொல்லாமலே மூத்தவளின் டப்பாவில் மட்டும் காய் பொடிப்பொடியாக நறுக்கியிருக்கும். மூத்தவள் அதைச் சாப்பிட்டாள். ஆனால் கவனிக்க மறுத்தாள்.

கடைசி நாள் வந்தது. அன்றைக்கு நிகழ்ச்சி நேரடி ஒளிபரப்பு. பகல் ஒரு மணிக்கு மிஷின் ஓடத் தொடங்கும். முதலில் விழும் பத்திரிகையை இளையவள் கையில் எடுத்து, தன் செய்தியின் தலைப்பை கேமராவுக்குக் காட்டிப் படிக்க வேண்டும். அதோடு நிகழ்ச்சி முடியும்.

செய்தி நல்ல செய்திதான். ஒரு பள்ளிக்கூடத்தின் முன்னால் லாரிகள் பேய் வேகத்தில் போகும். பிள்ளைகள் சாலையைக் கடக்க முடியாது. வேகத்தடை கேட்டு எழுதிப் போட்ட மனுவெல்லாம் எங்கேயோ தூங்கியது. ஒரு ஆசிரியை, முந்தின நாள் காலை, வகுப்பறை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நடுச்சாலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது லாரி நின்றது. மாலைக்குள் வேகத்தடை வந்தது. இளையவள் அதை அழகாக எழுதியிருந்தாள்.

காலை பதினொன்றரைக்கு டைரக்டர் வந்து, "தலைப்பை கேமரா முன்னாடி டைப் பண்ணுங்க. யோசிக்கிற மாதிரி, அழிச்சு அழிச்சு," என்றார். அவள் ஏற்கெனவே போட்டிருந்த தலைப்பை அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள். வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் தடவை. தலைமுடி கண்ணில் விழுந்தது என்று மூன்றாம் தடவை. நான்காவது தடவை எல்லாம் சரி என்றார்கள். அந்தத் தலைப்பு அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் பக்கத்தின் மெய்ப்பு மூத்தவள் மேசைக்கு வந்தது. தலைப்பு பெரிய எழுத்தில் ஐந்து பத்தி அகலத்துக்கு இருந்தது.

'பிள்ளைகளுக்காக நடுச்சாலையில் மரித்த ஆசிரியை'

அவள் பென்சில் தானாக அந்த எழுத்தின் மேல் போய் நின்றது. மறித்த என்றால் வழியை அடைத்த. மரித்த என்றால் செத்துப்போன. பெரிய ற போட வேண்டிய இடத்தில் சின்ன ர. சொல்லும்போது காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும். கண்ணுக்குத்தான் ஒன்று உயிர், ஒன்று சாவு. அதைவிட மோசம், பிழையாக இருந்தும் அந்த வரி பொருத்தமாகவே நின்றது. அவசரத்தில் படிக்கிற எவருக்கும் இடறாது. எடிட்டருக்கு முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவரும் பார்க்கப்போவதில்லை.

பென்சில் நின்றது நின்றபடி இருந்தது.

ஒரு மணிக்கு இளையவள் இதைத் தூக்கி கேமராவுக்குக் காட்டுவாள். ஊரே பார்க்கும். சுழி கேட்டுப் பெயர் வாங்கியவளுக்குச் சின்ன ர எது, பெரிய ற எது என்று தெரியாத லட்சணம் வீட்டுக்கு வீடு தெரியும். நடத்துனர் பார்ப்பார். மருந்துக்கடைக்காரர் பார்ப்பார். யார் நிஜமான மூணுசுழி என்று யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. செய்யாமல் இருந்தால் போதும்.

ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தை எடுத்துப் போனார்கள்.

  சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். காய் பொடிப்பொடியாக இருந்தது. மூடி வைத்தாள். பசிக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேசையில் பெயர்ப் பட்டியல் கிடந்தது. அன்றைய பெயர்களில் ஆசிரியையின் பெயரை மட்டும் அவள் இன்னும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். தலைப்பு எப்படியோ போகட்டும், பெயரையாவது சரியாகப் போடுவோம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஆளைக் கொன்றுவிட்டுப் பெயரைச் சரிபார்ப்பது என்ன நியாயம் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. பழக்கம் கையைப் பிடித்து இழுத்துப்போய் எண்களை அழுத்த வைத்தது.

"ஹலோ," என்றது ஒரு வயதான ஆண் குரல்.

"பத்திரிகையிலருந்து பேசறேங்க. டீச்சர் வீடுதானே?"

"ஆமாம்மா. நான் அவ அப்பா. அவ பள்ளிக்கூடத்துல இருக்கா. நாலரைக்கு வந்துடுவா."

"ஒரு சின்ன விவரம்தாங்க. அவங்க பேர்ல நடுவுல வர்ற ன, ரெண்டு சுழியா மூணு சுழியா?"

"ரெண்டு சுழி. எனக்கே பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போதுதான் தெரியும்." அவர் சிரித்தார். "டிவியில ஒரு அம்மா இப்படித்தான் கேக்கறாங்க. அது நீங்களா?"

நான்கு வாரமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கிய கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஆனால் அந்த மனிதர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சந்தோஷம் அவரைப் பேசச் சொன்னது.

"இன்னிக்கு வருதாமே? ரெண்டு மணிக்குக் கடைக்கு வந்துடும்னாங்க. அஞ்சு பேப்பர் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். நான் பஸ் ஓட்டினவன்மா. போர்டு படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், மெதுவா. இருந்தாலும் கடைக்காரர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன், தலைப்புல என்ன போட்டிருக்குன்னு யாரும் எனக்குப் படிச்சுக் காட்டக் கூடாது, என் பொண்ணைப் பத்தி நானே படிக்கணும்னு."

"சரிங்க," என்றாள் மூத்தவள். 

"கண்ணாடியைத் துடைச்சுத் தயாரா வெச்சிருக்கேன்," என்றார் அவர்.

தொலைபேசியை வைத்தபோது அவள் கண் முன்னால் அந்தக் கடை தெரிந்தது. துடைத்த கண்ணாடியோடு ஒரு மனிதர். விரலை வைத்து, ம... ரி... த்... த...

நான்கு வாரமாக அவள் பார்த்தது ஒரே ஒரு முகம். அந்த முகத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காததால் மற்ற முகமெல்லாம் மறைந்துபோயிருந்தது. செய்திக்குள்ளே ஒரு பெண் உயிரோடு இருக்கிறாள் என்பதே மறந்திருந்தது. "கடவுளே," என்றாள். அதற்கு மேல் கும்பிட நேரமில்லை. மணி பன்னிரண்டு ஐம்பது.

லிஃப்ட் சத்தம் ஒலிப்பதிவைக் கெடுக்கும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் அதையும் கீழே மிஷின் அறைத் தொலைபேசியையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். மூன்று மாடி. ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு அவள் படியில் ஓடினாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டு ஓடினாள். அந்த ஐந்து வாரத்தில் அந்தப் படிகளில் காரணத்தோடு ஓடிய ஒரே ஆள் அவள்தான். படம்பிடிக்க யாரும் இல்லை.

மிஷின் அறை கல்யாணக் களையாக இருந்தது. விளக்குகள், கம்பிகள், ஆட்கள். மிஷின் அண்ணனுக்குக்கூட முகத்தில் பவுடர் அப்பியிருந்தார்கள். இளையவள் புதுச் சட்டையில் வியர்த்து நின்றாள்.

"மேடம், ஃப்ரேமுக்குள்ள வந்துட்டீங்க. ஓரமா நில்லுங்க," என்றார் டைரக்டர்.

"அண்ணே, மிஷினை ஓட்டாதீங்க."

கத்தவில்லை. மூச்சு இருந்தால்தானே கத்துவதற்கு. ஆனால் மிஷின் அண்ணன் அந்தக் குரலைப் பத்தொன்பது வருடமாகத் தெரிந்தவர். பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "என்ன மூணுசுழி?"

அவர் கூப்பிட்டது அவளைத்தான்.

"முதல் பக்கத் தலைப்பு. பெரிய ற வர வேண்டிய இடத்துல சின்ன ர. டீச்சர் உயிரோட இருக்காங்கண்ணே. பக்கத்தை மாத்தணும்."

இளையவள் இரண்டு எட்டில் மிஷினருகே போய் அச்சுத் தகட்டைக் குனிந்து பார்த்தாள். அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது. முகத்தில் போட்ட சாயத்துக்குக் கீழே ரத்தம் வடிந்துபோனது தெரிந்தது.

டைரக்டருக்கோ கண் பளபளத்தது. ஐந்து வாரமாகத் தேடிய பரபரப்பு செருப்பில்லாத காலோடு எதிரே வந்து நிற்கிறது. "கேமரா ரெண்டு, மேடம் மேல. லைவ் போறோம்." சிவப்பு விளக்கு எரிந்தது. வீட்டுக் கூடத்தில் மாமனார் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். முழங்கை இல்லை, முழு முகம்.

"சொல்லுங்க மேடம். இவ்வளவு பெரிய தப்பு. யார் பண்ணினது?"

இளையவள் தலையைக் குனிந்துகொண்டாள். யார் தட்டச்சு செய்தது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவர்கள்தானே நான்கு தடவை படமெடுத்தார்கள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். அந்தப் பெயர் நுனி நாக்கில்தான் இருந்தது.

"பக்கத்துல என் கையெழுத்து இருக்கு," என்றாள் மூத்தவள். "அப்ப தப்பு என்னுதுதான். வழி விடுங்கப்பா, திருத்தணும்."

"அதையே கொஞ்சம் கோவமா..."

"கோவப்பட நேரமில்லப்பா."

பக்கத்தைத் திருத்தி, புதுத் தகடு எடுத்து மாட்ட இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. அந்த இருபத்திரண்டு நிமிடமும் யாரும் காகிதத்தை வீசவில்லை. யாரும் யார் மேலும் பாயவில்லை. எடிட்டர் பவுடர் முகத்தோடு வந்து, "பரவாயில்லம்மா, பரவாயில்ல," என்று இரண்டு பேரிடமும் மாறி மாறிச் சொன்னார். ஒருவர் எங்கிருந்தோ கழன்ற செருப்பைக் கொண்டுவந்து அவள் காலருகே வைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். பத்திரிகை அலுவலகம் என்பது நிஜத்தில் எப்படி இருக்கும் என்று காட்டக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. தொலைக்காட்சியில் அந்த நேரம் முழுக்க சோப்பு விளம்பரம் ஓடியது.

மூன்று மணிக்கு எல்லாம் அடங்கிவிட்டது. மெய்ப்பு மேசையில் மூத்தவள் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளையவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அக்கா."

"ம்."

"நீங்க எதையும் தவறவிட மாட்டீங்க. நான் பார்த்திருக்கேன். ஈ உட்கார்ந்தாலே கால் புள்ளின்னு அடிச்சுடுவீங்க." அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அந்த எழுத்தைப் பார்த்தீங்கதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவசரத்தில் விட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்பிவிடுவாள். நம்பத்தான் அவள் விரும்பினாள்.

"பார்த்தேன்," என்றாள் மூத்தவள். "பன்னிரண்டு இருபதுக்குப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

இளையவள் மேசை விளிம்பைத் தடவினாள். சுவரில் சத்தம் மட்டும் போடுகிற கடிகாரத்தை ஒரு ஆள் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு நாலு வாரம் இருந்துச்சுக்கா," என்றாள் இளையவள். "பஸ்ல, கடையில, எங்க கூப்பிட்டாலும், அது நான் இல்ல, எங்க அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லணும்னு நினைப்பேன். கூப்பிடுறப்ப நல்லா இருக்கும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன். உங்களுக்கு அரை மணி நேரம். எனக்கு நாலு வாரம்."

"அதுவும் இதுவும் ஒண்ணா? நான் ஒரு உயிரைல்ல..."

"திருத்திட்டீங்களே."

"அந்த அப்பாதான் திருத்தினாரு. நான் இல்ல."

இளையவளுக்கு அது புரியவில்லை. கேட்கவும் இல்லை. டப்பாவை எட்டிப் பார்த்து, "பல்லு எப்படி இருக்கு? இன்னும் பொடியா நறுக்கணுமா?" என்றாள்.

மூத்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளையிலருந்து அந்தக் கைப்பிடி உடைஞ்ச கோப்பை எனக்கு," என்றாள்.

"அதை நான் நேத்தே தூக்கிப் போட்டுட்டேன்."

அப்போது தொலைபேசி மணி அடித்தது. இணைப்புள்ள, பழைய, கறுப்புத் தொலைபேசி. இளையவள் எடுத்தாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்தி, "டீச்சரோட அப்பா. சுழி கேட்ட மூணுசுழி மேடம் வேணுமாம்," என்றாள். பிறகு ரிசீவரில், "இதோ, அவங்ககிட்டயே குடுக்கறேங்க. நான் அவங்க தங்கச்சி," என்று சொல்லி நீட்டினாள்.

"அம்மா, தலைப்பை நானே படிச்சுட்டேன்," என்றார் அவர். "மறித்த. பெரிய ற. கடைக்காரர் வாயே திறக்கலை. உள்ள இருக்கிறதையும் படிச்சேன், பாதி வரைக்கும். ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க."

"நாலாவது வரியில, என் பொண்ணு 'அணைத்துப் பிள்ளைகளையும்' பத்திரமா அனுப்பி வெச்சான்னு இருக்கு. எல்லாப் பிள்ளைங்களையும்னு சொல்றதுக்கு ரெண்டு சுழிதானே வரணும்? நீங்க மூணு சுழி போட்டிருக்கீங்க. மூணு சுழின்னா கட்டிப் பிடிக்கிறதுன்னு ஆயிடாது?"

மூத்தவள் பத்திரிகையை இழுத்து நாலாவது வரியைப் பார்த்தாள். இருந்தது. தலைப்பின் ஒற்றை எழுத்தையே வெறித்துக்கொண்டிருந்த கண்ணுக்குக் கீழே, தன் சொந்த எழுத்து, தன் மூணுசுழி, மூன்று வளையத்தோடு குந்தியிருந்தது.

"தப்புதாங்க," என்றாள். "நாளைக்குத் திருத்தம் போட்டுடறோம்."

"போடாதீங்கம்மா. அதுவும் சரியாத்தான் இருக்கு. அவ அப்படித்தான், ஒவ்வொண்ணா அணைச்சுப் பிடிச்சுத்தான் ரோட்டைத் தாண்ட வைப்பா. தெரிஞ்சே போட்டீங்களோன்னு நினைச்சேன்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு அந்த வரியின் மேல் விரலை வைத்து இளையவள் பக்கம் திருப்பினாள். இளையவள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து, தோள் குலுங்கச் சிரிக்கலானாள்.

"சிரிக்காதடி," என்றாள் மூத்தவள், சிரித்துக்கொண்டே. "எழுதினது நீதான்."

மறுநாள் காலை கண் மூடி உட்கார்ந்தபோது, அவள் முதலில் மடக்கியது இளையவளுக்கான விரலை. பேருந்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். நடத்துனர் வழக்கம்போல, "மூணுசுழி மேடம், வாங்க," என்று ஒரு இடத்தைக் காட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவள் முதலில் உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு," என்றாள் மூத்தவள்.